காட்சிக்கு ஒரு சென்ட்கூட இல்லை

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு 1903 முதல் 1911 வரை சபாநாயகராக இருந்தவர் ஜோசப் கேனன். கிழக்கு மாநிலங்களில் அழிந்துவரும் மலைக்காடுகளை அரசே விலைக்கு வாங்கிக் காக்க வேண்டும் என்று கேட்கும் மசோதாக்கள் அவர் காலத்தில் திரும்பத் திரும்ப சபைக்கு வந்தன. அவர் பதில் ஒன்றுதான்: இயற்கைக் காட்சிக்கு ஒரு சென்ட்கூடத் தர முடியாது. நம் ஊரில் சென்ட் என்றால் நில அளவு, அங்கே காசு. எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாலும் கேனன் சொன்னது பொருந்தி வரும். காட்சிக்கென்று பணமும் கிடையாது, நிலமும் கிடையாது.

அவர் பதவியிறங்கிய அதே 1911இல் சட்டம் நிறைவேறியது. இன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடபகுதியிலும் மெய்ன் மாநிலத்தின் மேற்கு ஓரத்திலுமாக ஏறத்தாழ 8 லட்சம் ஏக்கரில் பரந்திருக்கிறது ஒயிட் மவுண்டன் தேசிய வனம். அதற்குள் 1,200 மைல் நடைபாதைகள் உண்டு. பாஸ்டன் நகரத்திலிருந்து காரில் இரண்டு, மூன்று மணி நேரம். வருகிறவர்களில் மிகப் பலர் மலையையும் அருவியையும் இலையுதிர்கால நிறத்தையும் பார்க்க வருகிறவர்கள். காட்சிக்குக் காசில்லை என்று கதவடைத்த அரசு, காட்சிக்கென்றே பேர்பெற்ற ஒரு வனத்தை எப்படி வாங்கியது, வாங்கிய பிறகு அதை எப்படி நடத்துகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒரு தெளிவு. தேசிய வனமும் தேசியப் பூங்காவும் அமெரிக்காவில் வேறு வேறு. பூங்காவில் கோடரிக்கு இடமில்லை. தேசிய வனம் வேளாண்மைத் துறையின் கீழ் வருவது. காடும் ஒரு விளைச்சல், அளவறிந்து அறுவடை செய்யலாம் என்பது அதன் அடிப்படை. ஒயிட் மவுண்டனில் இன்றும் மரம் வெட்டுகிறார்கள். வனத்தின் பாதிக்கும் குறைவான பரப்பை அதற்கென்று ஒதுக்கி, திட்டமிட்டு வெட்டுகிறார்கள். நடைபாதையில் போகும்போது மரலாரி எதிரே வந்தால் திடுக்கிட வேண்டியதில்லை.

இந்த மலைகளுக்குக் காட்சி என்ற பெயரை வாங்கித் தந்தது ஒரு சாவு. 1826 ஆகஸ்ட் 28ஆம் தேதி இரவு, கிராஃபோர்டு கணவாயில் பெருமழையில் மலை சரிந்தது. வில்லி என்ற குடும்பத்தார் ஏழு பேரும் கூலியாட்கள் இருவரும் வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள், மண்ணில் புதைந்தார்கள். வீட்டின் பின்னாலிருந்த பாறைமேடு சரிவை இரண்டாகப் பிளந்துவிட்டதால் வீடு மட்டும் அப்படியே நின்றது. உள்ளே இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். இந்தக் கொடுமையான முரண் நாடெங்கும் பேச்சாயிற்று. நதானியேல் ஹாதார்ன் அதை வைத்துச் சிறுகதை எழுதினார். தாமஸ் கோல் 1839இல் அந்தக் கணவாயை ஓவியமாகத் தீட்டினார், அது இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்த வீட்டைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். துயரம் நடந்த இடத்தைக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கும் வழக்கம் நம் காலத்தது என்று நினைக்கிறோம். அதற்கு வயது இருநூறு.

வந்தவர்களுக்கு வழிகாட்டியவர்கள் அந்தக் கணவாயிலேயே விடுதி நடத்திய கிராஃபோர்டு குடும்பத்தார். ஏபெல் கிராஃபோர்டும் மகன் ஈத்தன் ஆலன் கிராஃபோர்டும் 1819இல் மவுண்ட் வாஷிங்டன் பக்கம் வெட்டிய பாதை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் விடாமல் பராமரிக்கப்பட்டுவரும் மலைநடைப் பாதைகளில் மிகப் பழையது அதுதான். 1861இல் உச்சிவரை வண்டிப் பாதை வந்தது. 1869இல் சில்வெஸ்டர் மார்ஷ் என்பவர் உச்சிக்குப் பற்சக்கர ரயில் விட்டார். மலையேறும் பற்சக்கர ரயில்களில் உலகிலேயே முதலாவது. அனுமதி கேட்டு அவர் போனபோது, நிலாவுக்கே பாதை போட்டுக்கொள்ளட்டும் என்று சட்டமன்றத்தில் கிண்டல் செய்தார்களாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் ரயிலுக்கு அது முப்பது வயது மூத்த அண்ணன்.

ரயிலோடு பெருவிடுதிகள் வந்தன. அவற்றுள் 1902இல் பிரெட்டன் உட்ஸில் திறந்த மவுண்ட் வாஷிங்டன் விடுதியைச் சொல்லாமல் போக முடியாது. 1944 ஜூலையில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் அங்கே கூடித்தான் சர்வதேச நாணய நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் வரைவு எழுதினார்கள். இந்தியக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார், மூன்று ஆண்டு கழித்துச் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவர். உலகத்தின் கடன் கணக்கை எழுத ஒரு மலை விடுதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் குளிர்ச்சியும் ஒரு காரணம் என்பார்கள்.

ஆனால் அந்த விடுதிகளின் பொற்காலத்திலேயே சன்னலுக்கு வெளியே மலை மொட்டையாகிக்கொண்டிருந்தது.

1867இல் ஆளுநர் வால்ட்டர் ஹாரிமன் மாநிலத்திடம் எஞ்சியிருந்த மலைநிலம் முழுவதையும் விற்றார். சுமார் 1,72,000 ஏக்கர், ஏக்கருக்கு 15 சென்ட் அளவில். வாங்கியவர்கள் மர வியாபாரிகளும் நில ஊக வணிகர்களும். ரயில் வந்ததும் ஆற்றில் மிதத்திவிட முடியாத மரத்தையும் வெளியே கொண்டுபோக முடிந்தது. ஜே.இ. ஹென்றி என்ற மர முதலாளி ஜீலண்ட் பள்ளத்தாக்கிலும் பின்னர் பெமிகிவாசெட் பள்ளத்தாக்கிலும் தண்டவாளம் போட்டுக்கொண்டு சரிவுகளை வழித்தெடுத்தார். கிளைகளையும் நுனிகளையும் அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். அவை இரண்டு கோடைகள் காய்ந்தால் போதும், ரயில் எஞ்சினிலிருந்து தெறிக்கும் ஒரு பொறி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஜீலண்ட் 1886இல் எரிந்தது, 1903இல் மறுபடியும் எரிந்தது. மேல்மண்ணே கருகி, பாறை தெரிய நின்ற சரிவுகளைப் பார்த்தவர்கள் இனி இங்கே காடு வராது என்று எழுதினார்கள்.

எதிர்ப்பு எங்கிருந்து எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1900இல் நார்த் உட்ஸ்டாக் ஊரின் பாதிரியார் ஜான் ஜான்சன் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். நிலக் கம்பெனி ஒன்றை மலைகளைச் சுற்றி நெரிக்கும் மலைப்பாம்பு என்று தலைப்பிலேயே திட்டினார். அவர் கவலை மரத்தைப் பற்றியது மட்டுமல்ல. காட்டை ஒட்டிய ஏழை விவசாயிகள் தங்களுக்கென்று ஒரு துண்டு காடு வாங்க முடியாமல் ஊரை விட்டே போகிறார்கள் என்பது அவருடைய முதல் குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டே நியூ ஹாம்ப்ஷயர் வனப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. விடுதிக்காரர்கள் சேர்ந்தார்கள், அவர்கள் பிழைப்பு காட்சியை நம்பியது. மாதர் சங்கங்கள் சேர்ந்தன. யாரும் எதிர்பாராத கூட்டாளியாக மான்செஸ்டர் நகரின் நெசவாலை முதலாளிகள் சேர்ந்தார்கள். மெர்ரிமாக் ஆற்றின் விசையை நம்பி ஓடிய அமாஸ்கெக் ஆலைகள் அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய நெசவாலைகளுள் ஒன்று. மலையில் காடு போனால் வசந்தத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி. தறி நின்றுவிடும் என்றார்கள்.

கேனன் அடைத்த கதவுக்குச் சாவியானது இந்தத் தண்ணீர்தான். மத்திய அரசு மாநிலங்களுக்குள் காடு வாங்க அரசமைப்பில் இடமில்லை. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தையும், அதனால் கப்பலோடும் ஆறுகளையும் காக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆற்றின் தலைப்பில் காடு இருந்தால்தான் ஆறு ஓடும் என்று காட்டிவிட்டால், காட்டை வாங்குவது ஆற்றைக் காப்பதாகிவிடும். மசாசூசெட்ஸ் உறுப்பினர் ஜான் வீக்ஸ் கொண்டுவந்த மசோதா இப்படித்தான் எழுதப்பட்டது. அவர் பிறந்த ஊர் நியூ ஹாம்ப்ஷயரின் லங்காஸ்டர். அந்த மலைகளின் நிழலில் வளர்ந்தவர். சட்டத்தில் காட்சி என்ற பேச்சே இல்லை. 1911 மார்ச் 1ஆம் தேதி குடியரசுத் தலைவர் டாஃப்ட் கையெழுத்திட்டார். பின்வாசலில் நுழைந்த விருந்தாளி வீட்டுக்கே சொந்தக்காரனானது போல, ஆற்றின் பெயரால் நுழைந்த காட்சி அந்த வனத்தை ஆளத் தொடங்கியது.

தண்ணீர் வாதம் உண்மையா? இதில் நம் சூழலியல் கட்டுரைகள் தாண்டிப்போகும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹைரம் சிட்டெண்டன் 1908இலேயே, பெருவெள்ளத்தைக் காடு தடுக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று வாதிட்டார். அதனால் சட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: வாங்கப்போகும் ஒவ்வொரு நிலமும் ஆற்றோட்டத்துக்கு உதவும் என்று புவியியல் ஆய்வுத்துறை சான்று தர வேண்டும். 1912இல் ஒயிட் மவுண்டனின் சிற்றோடைகளில் அளவுகோல் வைத்து, காடுள்ள சரிவையும் எரிந்து மொட்டையான சரிவையும் ஒப்பிட்டார்கள். காட்டு நிழலில் பனி மெல்ல உருகுகிறது, நீர் மெல்ல இறங்குகிறது என்று கண்டார்கள். சான்று கிடைத்தது.

அந்த வேலையில் ஈடுபட்ட இளம் வனத்துறை அலுவலர்களில் ஒருவர் பென்டன் மெக்கை. ஒன்பது ஆண்டு கழித்து, 1921இல், அப்பலாச்சிய மலைத்தொடர் நெடுகக் கால்நடையாகவே போகத்தக்க ஒரு பாதை வேண்டும் என்று அவர்தான் ஒரு கட்டிடக்கலை இதழில் எழுதினார். 1937இல் முழுமையான அந்தப் பாதை இன்று ஏறத்தாழ 2,190 மைல். அதில் சுமார் 160 மைல் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறது. முழுப் பாதையையும் நடந்தவர்களைக் கேட்டால் மிகக் கடினமான பகுதி, மிக அழகான பகுதி இரண்டுக்கும் இதையே சொல்கிறவர்கள் ஏராளம். ஓடையில் நீர் அளந்த ஆள்தான் அந்த நெடும்பாதையைக் கனவு கண்டவர் என்பது இந்த வனத்தின் கதைக்கு மிகப் பொருத்தம்.

நீர் அளப்பது அதோடு நிற்கவில்லை. 1955இல் வனத்துக்குள்ளேயே ஹப்பர்ட் புரூக் என்ற ஓடையைச் சுற்றி ஆய்வுக் காடு ஒன்றை ஒதுக்கினார்கள். 1963 முதல் ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ் உள்ளிட்டோர் அங்கே மழையாக உள்ளே வருவதையும் ஓடையாக வெளியே போவதையும் கணக்கெழுதினார்கள். ஒரு சிறு நீர்ப்பிடிப்பு முழுவதையும் வெட்டிவிட்டு, களைக்கொல்லி தெளித்து, மூன்று ஆண்டுகள் மொட்டையாகவே வைத்துப் பார்த்தார்கள். ஓடையில் நீர் குறையவில்லை, கூடியது. மரம் குடித்துக் காற்றில் விட்ட நீர் இப்போது ஓடைக்கு வந்துவிட்டது. ஆனால் கூடவே மண்ணின் நைட்ரேட்டும் சத்துகளும் கரைந்து போயின. அப்படியென்றால் 1911இன் வாதத்தில் பாதிதான் சரி. காடு ஆற்றுக்கு நீரைக் கூட்டுவதில்லை. நீர் வரும் வேகத்தையும் அதன் தரத்தையும் காக்கிறது. அரைகுறை அறிவியலின் மேல் ஒரு முழுக் காடு நிற்கிறது என்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காட்டைக் காக்க வாதம் தேடுகிறவர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து வீசக் கூடாது என்பதற்கு இது எச்சரிக்கை. அதே ஆய்வுக் காட்டின் மழைநீர்ப் பாத்திரங்களில்தான் வட அமெரிக்காவில் அமில மழை முதலில் பிடிபட்டது. தொலைவிலிருந்த அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைதான் பெரும் காரணம். 1990இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டதில் அந்தப் பாத்திரங்களுக்குப் பங்குண்டு.

இனி காட்சிக்கு வருவோம். லிங்கன் ஊரிலிருந்து கான்வே ஊர் வரை மலையைக் குறுக்கே தாண்டும் காங்கமாகஸ் நெடுஞ்சாலை 34.5 மைல். 1959இல் முழுதாகத் திறந்தது. பெயர் 17ஆம் நூற்றாண்டில் பென்னகூக் தொல்குடியினரின் தலைவராக இருந்தவருடையது. நிலத்தை எடுத்துக்கொண்டு பெயரைச் சாலைக்கு வைப்பது எல்லா நாட்டிலும் நடக்கிற வழக்கம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது, ஓட்டல் கிடையாது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை அந்தச் சாலையில் கார்கள் எறும்புச் சாரையாக ஊர்கின்றன. பகல் குறையக் குறைய இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. சர்க்கரை மேப்பிள், செம்மேப்பிள் இலைகளில் சிவப்பு அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் ஒத்துவந்தால் சரிவு முழுவதும் குங்குமமும் மஞ்சளும் கொட்டினாற்போல் ஆகும்.

அந்த நிறத்தில் கோடரிக்கும் பங்குண்டு. ஹென்றி போன்றோர் முதலில் வெட்டியது ஸ்ப்ரூஸ் மரத்தை, அது என்றும் பச்சை. அது போன பல நடுச்சரிவுகளில் இலையுதிர்க்கும் மரங்கள் இடம்பிடித்தன. தீ எரிந்த இடங்களில் முதலில் குடியேறியது வெள்ளைப் பட்டை உரியும் பிர்ச் மரம். அக்டோபரில் பொன்னாக மின்னும் பிர்ச் தோப்பில் நின்று படமெடுக்கிறவர் பழைய தீயின் தழும்பைப் படமெடுக்கிறார் என்று சொல்லலாம். இனி காடு வராது என்று எழுதப்பட்ட ஜீலண்ட் பள்ளத்தாக்கில் இன்று நடப்பவருக்கு யாராவது சொன்னால்தான் தீ தெரியும்.

நடைபாதைகளும் அப்படித்தான். லிங்கன் உட்ஸ் என்ற பாதை ஆற்றங்கரையில் மட்டமாக, நேராகப் போகும். இவ்வளவு நல்ல பாதையை மலையில் யார் போட்டார்கள் என்று கீழே பார்த்தால், பழைய சிலிப்பர் கட்டைகள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மரக் கம்பெனியின் ரயில் 1948 வரை ஓடிய தடம் அது. அதன் மறுமுனையில் இருக்கும் பெமிகிவாசெட் பள்ளத்தாக்கை 1984இல் சட்டப்படி வன்னிலமாக அறிவித்தார்கள். 45,000 ஏக்கர். வாகனம் கூடாது, எந்திர ரம்பம் கூடாது, மனிதக் கட்டுமானம் இயன்றவரை கூடாது. அந்த விதிப்படி அங்கே ஆற்றின் மேல் இருந்த 180 அடித் தொங்குபாலத்தை வனத்துறை 2009இல் பிரித்தெடுத்தது. பழுதான பாலத்தைச் செப்பனிடாமல் எடுத்துவிட்டார்கள், இனி ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டுமா என்று நடைப்பயணிகள் கொதித்தார்கள். 1948 வரை எஞ்சின் கூவிய பள்ளத்தாக்கை ஆதிகாடு போல் நடத்துவது கொஞ்சம் நாடகம்தான். ஆனாலும் நான் வனத்துறையின் பக்கம். எல்லா இடத்துக்கும் எளிதாகப் போக முடிந்தால் போகாமல் விடப்பட்ட இடம் என்று ஒன்று இருக்காது.

மலையின் உயரத்தைச் சொன்னால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரலாம். மவுண்ட் வாஷிங்டன் 6,288 அடி. உதகை நகரமே அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆனால் உதகையில் சோலையும் யூகலிப்டஸும் நிற்கும். அங்கே 5,000 அடியை நெருங்கும்போதே மரம் முடிந்துவிடுகிறது. புயல்கள் கடந்துபோகும் தடங்கள் சந்திக்கும் இடம் அது. 1934 ஏப்ரல் 12ஆம் தேதி உச்சியின் வானிலை ஆய்வகத்தில் மணிக்கு 231 மைல் காற்று பதிவாயிற்று, அதாவது 372 கிலோமீட்டர். 1996இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒரு சூறாவளி முறியடிக்கும்வரை உலக சாதனை அது. 1849 முதல் இந்த மலையிலும் பக்கத்துச் சிகரங்களிலுமாக 150 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள், கோடையில் குளிரில் விறைத்தவர்களும் அவர்களில் உண்டு. மரவரிசை முடியும் இடத்தில் வனத்துறையின் பலகை, அமெரிக்காவிலேயே மோசமான வானிலை இனி முன்னால், மேகம் கூடினால் திரும்பிப் போ என்கிறது. பலகையைப் படித்துப் படமெடுத்துக்கொண்டு மேலே போகிறவர்களே அதிகம். மழைச்சட்டையும் முதுகுமூட்டையுமாக நான்கைந்து மணி நேரம் ஏறி உச்சிக்கு வந்தால், ரயிலில் வந்தவர்கள் செருப்புக் காலோடு சிற்றுண்டி தின்றுகொண்டிருப்பார்கள். அந்த உச்சி மாநிலப் பூங்கா, வனத்துக்குச் சொந்தமில்லை.

மீட்புக்கு ஆகும் செலவு மாநிலத்தின் மீன்-வனவிலங்குத் துறை தலையில் விழுகிறது. போதிய துணியோ விளக்கோ இல்லாமல் அலட்சியமாகப் போய் மாட்டிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க அங்கே சட்டம் இருக்கிறது. 2015 முதல் ஆளுக்கு 25 டாலருக்கு ஒரு அட்டை விற்கிறார்கள். வாங்கி வைத்தவருக்கு அலட்சியத்துக்கான செலவு விலக்கு. காப்பீடு இருக்கிறதே என்று துணிவார்களே என்ற வாதம் உண்டு. மீட்புக் குழுவினர் பலர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள் என்பதை நினைத்தால் 25 டாலர் குறைவு என்றே படுகிறது.

மரவரிசைக்கு மேலே உள்ள பரப்பு மொத்தம் எட்டுச் சதுர மைல்தான். ஆனாலும் கிழக்கு அமெரிக்காவில் அதுவே பெரியது. அங்கே ராபின்ஸ் சிங்க்ஃபாயில் என்றொரு செடி. நாணயம் அளவுக்குத் தரையோடு ஒட்டி வளரும், வசந்த முடிவில் மஞ்சளாகப் பூக்கும். உலகத்தில் இந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. அதன் முக்கிய இருப்பிடம் ஓர் ஏக்கர் அளவே, அதன் நடுவே கிராஃபோர்டு பாதை போனது. ஒன்றரை நூற்றாண்டு பூட்சு மிதி. 1980இல் அழியும் இனமாகப் பட்டியலிட்டார்கள். 1983இல் பாதையைத் தள்ளிப் போட்டு, சுற்றிலும் கல்வரிசை எழுப்பி, உள்ளே வராதீர்கள் என்று அறிவிப்பு வைத்தார்கள். வேறு இடங்களில் நாற்று நட்டார்கள். 2002இல் அழியும் பட்டியலிலிருந்து செடியை எடுத்தார்கள். கோடிக் கணக்கில் செலவழித்த திட்டமில்லை. பாதை கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான். இந்த வனத்தில் நடந்த எல்லாவற்றிலும் என்னை மிகக் கவர்ந்தது இதுதான்.

ஏனென்றால் இன்று கோடரியைவிடக் கால்தான் அழுத்தம். 1957இல் அப்பலாச்சிய மலைச் சங்கத்தார் 4,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களைப் பட்டியலிட்டு, எல்லாவற்றையும் ஏறியவருக்கு அங்கீகாரம் என்று ஒரு குழு தொடங்கினார்கள். நோக்கம் நல்லது: ஒன்றிரண்டு பேர்பெற்ற சிகரங்களில் குவியும் கூட்டம் பிற மலைகளுக்கும் பரவட்டும். பரவியது. இப்போது 48 சிகரமும் தேய்கின்றன. பாதை என்று ஒன்று முறையாக இல்லாத ஆந்தைத்தலை மலைக்குக்கூட, பட்டியலில் இருப்பதால், நடந்து நடந்தே பாதை உண்டாகிவிட்டது. பழைய பாதை வெட்டிகள் குதிரைக்காக வளைத்து வளைத்துப் போடவில்லை, நேரே செங்குத்தாக ஏற்றினார்கள். மழை நீர் அதையே வாய்க்காலாக்கிக்கொள்கிறது. ஆற்றுக்காக வாங்கிய வனத்தில் நடைபாதையே ஓடையாகி மண்ணை அள்ளிப் போகிறது. இளம் தொழிலாளர்கள் கோடை முழுவதும் பாறையைப் புரட்டிப் படிக்கட்டு வைக்கிறார்கள். ஃபிராங்கோனியா முகட்டுக்கு வார இறுதியில் வரும் கார்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசை கட்டியதால், அங்கே நிறுத்தத் தடை போட்டு, வேறோர் இடத்திலிருந்து சிற்றுந்து விட நேர்ந்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய வனங்களின் பயன்களை வரிசையாகச் சொல்கிறது: திறந்தவெளிப் பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, விலங்கும் மீனும். பொழுதுபோக்குக்கு முதலிடம் வந்தது ஆங்கில அகரவரிசையால். ஒயிட் மவுண்டனில் அகரவரிசையே நடைமுறையாகிவிட்டது. இங்கே எவ்வளவு மரம் வெட்டலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. ஒரு முகட்டில் ஒரு நாள் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு வரம்பு இல்லை. கட்டில்லாமல் நடப்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பிறப்புரிமை போன்றது, அதை அறிவேன். இருந்தாலும் ஃபிராங்கோனியா முகடு போன்ற இரண்டு மூன்று இடங்களிலாவது, வார இறுதிகளிலாவது, எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்தாக வேண்டும். செடிக்காகப் பாதையை நகர்த்தியவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

வசதிகளின் விலை வேறு கதை. மலைச் சங்கத்தார் 1888இல் மேடிசன் முகட்டருகே கட்டிய கற்குடிலில் தொடங்கி, ஒரு நாள் நடைக்கு ஒன்றாக எட்டுக் குடில்கள் இருக்கின்றன. வேலை பார்க்கும் இளைஞர்கள் காய்கறியும் முட்டையும் பலகைச் சுமைதாங்கியில் முதுகில் கட்டி ஏற்றுகிறார்கள். சூடான இரவுச் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும், ஓர் இரவுக்கு நூறு டாலருக்கு மேல். பொதுமக்களின் காட்டில் பணமுள்ளவருக்கே கூரையா என்ற முணுமுணுப்பு நியாயமானது. பனிக்காலத்தில் வாட்டர்வில், வைல்டுகேட் முதலிய பனிச்சறுக்கு மையங்கள் வனத்துறையிடம் அனுமதி பெற்று அதன் நிலத்தில் நடக்கின்றன. டிக்கெட் அங்கேயும் மலிவில்லை. டக்கர்மன் பள்ளத்தில் மட்டும் மின்தூக்கி கிடையாது. ஏறியவர்தான் சறுக்கலாம். 1939இல் டோனி மாட் என்ற ஆஸ்திரிய இளைஞர் அதன் செங்குத்துச் சுவரில் வளையாமல் நேரே இறங்கி, உச்சியிலிருந்து அடிவாரம் வரை 6 நிமிடம் 29 நொடியில் வந்தார். கணக்குத் தப்பித்தான் அப்படி இறங்கிவிட்டார் என்பது கதையின் சுவை.

வனத்தை ஒட்டிய மாநிலப் பூங்காவில் ஒரு மலை முகட்டின் பாறைகள் பக்கவாட்டில் ஒரு கிழவன் முகமாகத் தெரியும். மாநிலச் சின்னத்தில் அது, 2000இல் வந்த 25 சென்ட் காசிலும் அது. உறைந்து உருகும் பனி பாறையைப் பிளப்பதைக் கண்டு 1916 முதலே இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டினார்கள், பின்னர் விரிசலை அடைத்தார்கள், ஆண்டுதோறும் ஏறிப் பார்த்தார்கள். 2003 மே 3ஆம் தேதி அதிகாலை முகம் முழுவதும் கழன்று விழுந்தது. அந்த மலையின் பெயர் கேனன். சபாநாயகருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பீரங்கி போன்ற ஒரு பாறையால் வந்த பெயர்.

போக வாய்ப்பிருப்பவர்கள் அக்டோபரை விட்டு ஜூன் நடுவில் போங்கள். முகட்டில் பூ இருக்கும், கூட்டம் பாதி. கடிக்கும் கருப்பு ஈயும் இருக்கும், அதற்கு வலைத்தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மரவரிசைக்கு மேலே கல்லிலிருந்து கல்லுக்குக் கால் வையுங்கள், புல்லில் வைக்காதீர்கள். பல நடைபாதைகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காரை நிறுத்த 5 டாலர்; அதை உறையிலிட்டு அங்கிருக்கும் பெட்டியில் போட வேண்டும். அந்தப் பணத்தில் குறைந்தது 80 விழுக்காடு வசூலான இடத்துக்கே செலவாக வேண்டும் என்கிறது 2004ஆம் ஆண்டுச் சட்டம்.